முருகனிடம் ஒரு லீவு

குழாயில் தண்ணீர் வந்ததும் வெயிலுமுத்து அண்ணாச்சி செய்கிற காரியம் ஒன்று உண்டு. முதலில் வரும் துருத்தண்ணீர் காலில் படாமல் ஒதுங்கி நிற்பார். நிறம் தெளிந்ததும் வலது கையைக் குழித்து நீட்டுவார். முதல் கை நீரைக் கீழே விடுவார். இரண்டாவதை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு அதையும் விடுவார். மூன்றாவது கை நீர்தான் வாய்க்குப் போகும். கன்னம் இரண்டும் உப்ப, கண்ணை மூடிக்கொண்டு, அதை வாய்க்குள் இப்படியும் அப்படியும் உருட்டுவார். பிறகு சாக்கடையோரம் குனிந்து, ஒரு சொட்டுக்கூட உள்ளே இறங்கிவிடாமல், அத்தனையையும் துப்புவார். புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டு, வரிசையில் நிற்கிற பெண்களிடம், "நல்ல தண்ணிதான், பிடிங்க" என்பார். அவர் சொல்லாமல் எங்கள் சந்தில் யாரும் குழாயடியில் குடத்தை வைத்ததில்லை.

நான் தாராவிக்கு வந்த புதிதில் அவர் துப்பியதில்லை. விழுங்குவார். அறுபத்தைந்தாம் வருஷம் மழைக்காலம் முடிந்த பிறகுதான் துப்ப ஆரம்பித்தார்.

அவர் முனிசிபாலிட்டியில் சாவிவாலா. தெருவுக்கு அடியில் ஓடுகிற பெரிய குழாய்களுக்கு அங்கங்கே இரும்பு மூடி போட்ட குழிகள் இருக்கும். மூடியை நெம்பித் தூக்கி, ஆளுயர இரும்புச் சாவி ஒன்றை உள்ளே இறக்கி, முக்கி முக்கித் திருகினால் அந்தப் பகுதிக்குத் தண்ணீர் வரும். எங்கள் பக்கத்துக்குப் பதினேழு சுற்று. "ஒண்ணு முருகா, ரெண்டு முருகா" என்று எண்ணிக்கொண்டே திருகுவார். காலை ஆறு மணிக்கு அவர் பதினேழு முருகாவை முடித்தால்தான் சந்து முழுக்க அடுப்பில் உலை ஏறும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பதினெட்டு வயதில் வந்தவர். இந்த வேலை கிடைப்பதற்குமுன் தோல் பதனிடுகிற இடத்தில் எட்டு வருஷம் நின்றிருக்கிறார். "அந்த நாத்தத்துக்குப் பொறவு வெறும் தண்ணிகூட வாசனையா இருந்துச்சு வே" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார்.

நான் அவருக்கு அடுத்த அறையில் இரண்டு நண்பர்களோடு இருந்தேன். கோட்டைப் பக்கம் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். அதிகம் பேசாத எனக்கு அவரோடு எப்படிப் பழக்கம் ஏற்பட்டது என்றால், அவருடைய வியாதியால்தான்.

முதலில் காலையில் முகம் வீங்கியது. பிறகு பாதம். செருப்பின் வார் பதிந்த இடம் மாலைவரை பள்ளமாகவே கிடந்தது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், கூட வருகிறீரா என்று கேட்டார். அவருக்கு இந்தி நன்றாக வரும். குழாயடிச் சண்டைகளை அவர் இந்தியில்தான் தீர்த்துவைப்பார். "சண்டை போடுத இந்திதான் நமக்குத் தெரியும். சீக்கைப் பத்திப் பேசுத இந்தி தெரியாது" என்றார். போனேன். இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டன, இருக்கிறதைக் காப்பாற்றிக்கொண்டு நாளை ஓட்டலாம், போனது திரும்பாது என்று டாக்டரம்மா ஆங்கிலத்தில் சொன்னார். அதை நான் தமிழில் பாதியாகச் சொன்னேன். உப்பு கூடாது, கறி மீன் கூடாது, பருப்பு கொஞ்சம், தண்ணீர் நாளைக்கு மூன்று டம்ளர்.

"ஊருக்கெல்லாம் தொறந்து விடுதவனுக்கு மூணு டம்ளரா? நல்ல ரேஷன்தான்" என்று சிரித்தார் அண்ணாச்சி. அன்றிலிருந்துதான் துப்பினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் ஒரு சின்ன அலுமினியச் சட்டியைத் தனியாக எடுத்து வைத்து, அவருக்கு மட்டும் உப்பில்லாமல் சமைக்க ஆரம்பித்தார்.

மாதம் ஒருமுறை நானும் அவரும் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்திருப்போம். நேரம் போக நான் ஏதாவது கவிதைப் பத்திரிகை கொண்டுபோவேன். ஒருநாள் அதை வாங்கித் தூரத்தில் வைத்துப் பார்த்தார்.

"என்னவே, எல்லா வரியும் பாதியிலேயே நின்னு போவுது?"

"புதுக்கவிதை அண்ணாச்சி. அப்படித்தான் எழுதுவாங்க."

"பிரஷர் இல்லாத குழாய் மாதிரில்லா இருக்கு. எழுதுனவன் வால்வை முழுசாத் தொறக்கல" என்று திருப்பிக் கொடுத்தார்.

அறுபத்தாறாம் வருஷத் தீபாவளி வந்தது. தீபாவளி கழிந்ததும் கந்த சஷ்டி. ஆறு நாள் விரதம். அண்ணாச்சி பதினெட்டு வருஷமாக அதை விட்டதில்லை. முதல் இரண்டு குழந்தைகளும் ஆறு மாதம் தாண்டாமல் போய்விட, மூன்றாவது பெண் வயிற்றில் இருக்கும்போது வேண்டிக்கொண்ட விரதம் அது. அந்தப் பெண் சண்முகவடிவு பிழைத்தாள், வளர்ந்தாள், கல்யாணமாகி முலுண்டுக்குப் போனாள். இப்போது அவளுக்கு ஏழு மாதம். இந்த வருஷம் பார்த்து விரதத்தை விடுவதா என்பதுதான் அவருக்குக் கவலை. விடாமல் இருந்தால் அவர் தாங்குவாரா என்பது மீனாட்சியம்மாளுக்கு.

தீபாவளிக்கு முந்தின வாரம் குழாயடியில் இது பேச்சாயிற்று. எங்கள் சந்துக் கடைசியில் இருக்கிற மதீனா பீவிக்கு எல்லாரையும் கேலி செய்ய உரிமை உண்டு. அவரும் தெற்கத்திக்காரர்தான்.

"என்ன அண்ணாச்சி, இந்த வருசமும் பட்டினியா? எங்கள்ல நோயாளிக்கு நோம்பு கடமையில்ல தெரியும்லா? சொகமானப் பொறவு வச்சுக்கிடலாம். ஏலாதுன்னா ஒரு ஏழைக்குச் சோறு போட்டாப் போதும். ஒங்க முருகன்கிட்ட இந்த மாதிரி ரூல் ஒண்ணும் கெடையாதா?"

"ஏன் கெடையாது? எங்காளு முனிசிபாலிட்டி மாதிரி. சொல்லாமக் கொள்ளாம நின்னா நாகா போட்டுச் சம்பளத்தைப் பிடிச்சுருவான். டாக்டர் சர்ட்டிபிகேட் வச்சு எழுதிக் குடுத்தா லீவு குடுத்துருவான்."

"அப்பம் சர்ட்டிபிகேட்டு வாங்கிர வேண்டியதுதான?"

"வாங்கணும். கேட்டுப் பாப்போம்."

குழாயடியே சிரித்தது. நானும் வாளியோடு நின்று சிரித்தேன்.

தீபாவளிக்கு மறுநாள் சனிக்கிழமை ஆஸ்பத்திரி முறை. ஞாயிற்றுக்கிழமை விரதம் தொடக்கம். போகிற வழியில் பஸ்ஸில் அவர் எனக்கு விளக்கமாகச் சொன்னார். வழக்கமாக ஆறு நாளும் வெறும் தண்ணீரும் துளசியும்தான். தண்ணீர் அளவாகிவிட்டதால் இந்த முறை இளநீர் என்று யோசித்திருக்கிறார். நாளைக்கு ஐந்து. அதில் உப்பு இல்லை, சூட்டைத் தணிக்கும், நீர்க்கடுப்புக்கு இளநீரைவிட வேறு மருந்து ஏது என்று சந்தில் எல்லாரும் சொன்னார்கள்.

"நீரு டாக்டரம்மாகிட்ட வெவரமாக் கேளும். ஆறு நாளு சோறு கெடையாது. இளநி மட்டும். இருக்கலாமா, கூடாதா? ரெண்டுல ஒண்ணு சொல்லச் சொல்லும்."

"சரி அண்ணாச்சி."

"மறந்துராதீரும்."

மறக்கவில்லை. அன்று வரிசை கதவைத் தாண்டி வராந்தாவரை நின்றது. அண்ணாச்சியை ரத்தம் எடுக்கப் பக்கத்து அறைக்கு அனுப்பிவிட்டார்கள். சீட்டோடு நான் மட்டும் டாக்டரம்மாவின் மேஜை முன்னால் நின்றேன். அவரைச் சுற்றி என் வயதில் நாலைந்து மாணவர்கள், வெள்ளைக் கோட்டோடு. எனக்கு முன்னால் நின்ற ஒரு குஜராத்திக் கிழவர் ஏதோ சாமி விபூதியைப் பற்றிக் கேட்டார் போல. மாணவர்களில் இருவர் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பொறுமையாகத்தான் பதில் சொன்னார். நான் பார்த்தது அந்த இருவரை.

சஷ்டியை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது என்று மனதுக்குள் வாக்கியம் அமைத்தேன். 'எங்கள் கடவுளுக்காக ஆறு நாள்' என்று தொடங்கியது அந்த வாக்கியம். அதைத் திருத்தினேன். திரும்பவும் திருத்தினேன். அதற்குள் டாக்டரம்மா எழுதி முடித்துவிட்டார்.

"அதே மருந்துகள். அடுத்த மாதம் வாருங்கள். வேறு ஏதாவது உண்டா?"

அவர் என்னை நிமிர்ந்து பார்த்துத்தான் கேட்டார். அவசரமே படவில்லை. அந்த முகத்தை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் பிற்பாடு எத்தனையோ தடவை அந்த முகத்தின்மேல் அவசரத்தை ஒட்டவைக்கப் பார்த்திருக்கிறேன். ஒட்டவில்லை.

"ஒன்றுமில்லை டாக்டர்" என்றேன்.

வெளியே அண்ணாச்சி முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"கேட்டீரா?"

கேட்கவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. திரும்பி உள்ளே போய்க் கேட்க அதைவிட வெட்கம். இளநீர்தானே என்று நினைத்தேன். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் அம்மா கொடுத்தது அதைத்தான். தலையாட்டினேன்.

"இருக்கலாம்னா சொன்னாவ?"

"ஆமா அண்ணாச்சி. இளநீர்தானே, சரின்னாங்க."

அவர் பஞ்சை இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

"சரின்னுட்டாவளா?" என்றார் மறுபடியும். பிறகு பஞ்சை எடுத்துப் பார்த்தார். ரத்தம் நின்றிருந்தது. அதை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எழுந்தார். "அப்பம் இருந்துர வேண்டியதுதான்."

சந்தோஷம் என்று நான் எடுத்துக்கொண்டேன். மாட்டுங்காவில் இறங்கி மார்க்கெட்டில் ஒரு சாக்கு இளநீருக்குச் சொல்லிவிட்டு வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணாச்சி குளித்து, நெற்றி நிறைய விபூதியோடு டியூட்டிக்குப் போய்த் திரும்பியிருந்தார். மீனாட்சியம்மாள் எங்கள் அறைக்கு ஒரு தட்டைக் கொண்டுவந்தார். நாலு இட்லி, பக்கத்தில் தேங்காய்த் துவையல்.

"இந்தாங்க தம்பி. வீட்டுல திங்க ஆளில்ல."

நண்பர்கள் இருவரும் தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். நான் மட்டும் உட்கார்ந்து தின்றேன். இட்லியில் உப்பே இல்லை. போட மறந்துவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். துவையலைத் தாராளமாகத் தொட்டுக்கொண்டு நாலையும் முடித்துவிட்டு, தட்டைக் கழுவிக் கொடுத்தேன். "நல்லா இருந்துச்சும்மா" என்றும் சொன்னேன்.

முதல் மூன்று நாள் அவர் நன்றாகத்தான் இருந்தார். சோறில்லாததால் பாதம்கூடக் கொஞ்சம் வற்றியதுபோலத் தெரிந்தது. வாசலில் சீவிய இளநீர் மட்டைகள் சேர்ந்தன. மதீனா பீவி அவற்றைத் தாண்டிப் போகும்போது, "அண்ணாச்சி ஒடம்புல இப்பம் ரத்தமா ஓடுது? குத்துனா இளநியில்லா வரும்" என்றார். அண்ணாச்சி, "ஒரு டம்ளர் பிடிச்சுக்கோ தாயி" என்று கையை நீட்டிக் காட்டினார்.

நாலாம் நாள் மாலை, படியேறும்போது நின்றுவிட்டார். கால் ரெண்டும் யாருடையதோ மாதிரி இருக்கிறது என்றார். ஐந்தாம் நாள் சாவியைத் தூக்கத் திணறினார். நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன்.

"கை காலெல்லாம் பஞ்சா இருக்கு வே. ஒதடு மரத்தாப்ல இருக்கு."

"பட்டினி இல்லையா அண்ணாச்சி, அப்படித்தான் இருக்கும். நாளையோட முடிஞ்சுடுதே."

"ஆமா. நாளைக்குச் சூரனை முடிச்சிட்டு நானும் சாப்பிட்டுருவேன்."

மீனாட்சியம்மாள் கதவருகே நின்றிருந்தார். "டாக்டரம்மா சரின்னுதான தம்பி சொன்னாவ?" என்று கேட்டார்.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். ஐந்தாம் நாள் காலை எட்டேகால் மணி. வண்டி பிடித்தால் அரைமணியில் ஆஸ்பத்திரி. "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடினேன்.

ஆறாம் நாள் ஆறு மணிக்குக் குழாயில் தண்ணீர் வரவில்லை. வரிசை நீண்டுகொண்டே போனது. ஆறே கால் இருக்கும், குழாய் கனைத்தது. ஒரு நூல் அளவு தண்ணீர் வந்தது. அப்படியே நூலாகவே நின்றது. "என்ன இது, சாமி வந்து ஆடுறாரா அண்ணாச்சி?" என்று யாரோ கேட்டார்கள். மதீனா பீவிதான் முதலில் சிரிப்பை நிறுத்தினார். குடத்தைக் கீழே வைத்துவிட்டு, "தம்பி, ஓடிப் போய்ப் பாருங்க" என்றார்.

வால்வுக் குழியின் பக்கத்தில் விளக்குக் கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாவி குழிக்குள் நின்றது. கண் திறந்திருந்தது. என்னைத் தெரிந்தது. "எத்தனைன்னு விட்டுப்போச்சு" என்றார்.

டாக்ஸியில் கொண்டுபோனோம். அதே டாக்டரம்மா வந்தார். நாடியைப் பிடித்துக்கொண்டே, "இந்த வாரம் என்ன சாப்பிட்டார்?" என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் பதில் சொன்னேன். ஆறு நாள் விரதம், சோறு இல்லை, நாளைக்கு ஐந்து இளநீர். ஒரு தடுமாற்றமும் இல்லாமல் வந்தது அந்த வாக்கியம். யாரும் சிரிக்கவில்லை.

டாக்டரம்மா ஊசி மருந்துகளுக்குச் சொல்லிவிட்டு ஓடினார். ஒன்பதே முக்காலுக்குத் திரும்பி வந்தபோது அவர் நடந்துதான் வந்தார். என்னை ஓரமாக அழைத்துப் போனார். இளநீரில் ஒருவகை உப்பு உண்டு, சாப்பாட்டு உப்பு இல்லை, வேறு. நல்ல சிறுநீரகம் அதை வெளியே தள்ளிவிடும், இவருடையதால் முடியாது, ரத்தத்தில் சேர்ந்து சேர்ந்து கடைசியில் இதயத்தைப் பிடித்துவிடும் என்றார். "தண்ணீர் குடித்துப் பட்டினி கிடந்திருந்தாலும் கூடாதுதான். ஆனால் இது... என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

சந்தில் எல்லாரும், சூரசம்ஹாரத்தன்று போயிருக்கிறார், கொடுத்துவைத்த சாவு என்றார்கள். இதயம் நின்றுவிட்டது என்று நான் சொன்னேன், பொய் இல்லை. இரண்டு மாதம் கழித்து சண்முகவடிவுக்குப் பையன் பிறந்தான். மீனாட்சியம்மாள் சாமான்களைக் கட்டிக்கொண்டு மகளிடம் முலுண்டுக்குப் போய்விட்டார். முனிசிபாலிட்டி வேறு ஒரு ஆளைப் போட்டது. அவன் தண்ணீரைத் திறந்துவிட்டுப் போய்விடுவான், குழாயடிக்கு வருவதில்லை. கொஞ்சநாள் வரை பெண்கள், தண்ணீர் வந்த பிறகும் யாரோ சொல்லட்டும் என்பதுபோலக் குடத்தை இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றார்கள்.

மூன்று வருஷம் கழித்து, அறுபத்தொன்பதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை முலுண்டுக்குப் போனேன். சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் போனேன். சண்முகவடிவு பையனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போயிருந்தாள். மீனாட்சியம்மாள் முறத்தில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தார். எதிரே உட்கார்ந்து, டாக்டரிடம் நான் கேட்கவே இல்லை என்பதைச் சொன்னேன். கேட்டிருந்தால் வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பார் என்பதையும், இளநீர் செய்த காரியத்தையும் சொன்னேன்.

அவர் கை நிற்கவில்லை. ஒரு கல்லை எடுத்து ஓரமாக வைத்தார். இன்னொன்றையும் வைத்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அன்னைக்கு ஆஸ்பத்திரிக்குக் கெளம்புததுக்கு முன்னால அரிசி ஊறப் போடச் சொன்னாவ" என்றார். "எதுக்குன்னு கேட்டேன். நானா விரதத்தை விட்டாப் பிள்ளைத்தாச்சிக்கு என்னமும் ஆயிருமோன்னு பயமா இருக்கு மீனாச்சி, டாக்டரம்மா வேண்டாம்னு சொல்லிட்டா முருகன் கோவிக்க மாட்டான், தம்பி இங்கிலீசுல கேட்டா அந்தம்மா நிச்சயமா வேண்டாம்னுதான் சொல்லுவாவன்னாவ. நாளைக்குக் காலையில எனக்கு உப்பில்லாம நாலு இட்லி ஊத்துன்னாவ."

முறத்தை ஒருதரம் புடைத்துவிட்டு, என்னைப் பார்க்காமலே சொன்னார்:

"சரின்னுட்டாவன்னு வந்து நின்னாவ. ஊறுன அரிசியை என்ன செய்ய? அரைச்சேன். காலையில ஊத்தி ஒங்களுக்குத்தான் கொண்டாந்து குடுத்தேன்."